கணினிக்குள் இருந்த அந்தி

கோளரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் இரவாகிவிடும். அக்காதான் அந்த இரவைக் கொண்டுவருகிறவள். வட்டமான கூடத்தின் நடுவில், இடுப்புயரத் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய நாற்காலி. முன்னால் ஒரு மைக்கும் ஒரு கணினியும். தலைக்கு மேலே, முட்டை ஓட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தது போல வெள்ளைக் குவிமாடம். பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து கதவும் சாத்தப்பட்டதும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டுவாள். கொஞ்ச நேரத்தில் குவிமாடம் இருந்த இடம் தெரியாமல் போகும். நட்சத்திரங்கள் வரும். பக்கத்து அறையில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது போல அவளுடைய குரல் அவசரமில்லாமல் வரும்.

தங்கை கடைசி வரிசையில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் அதைக் கேட்பாள். காலையில் அவளுக்கு நகலெடுக்கும் கடையில் வேலை, மாலையில் கணினி வகுப்பு. இடையில் வீட்டுக்குப் போய்வர நேரம் பத்தாது என்று இங்கே வந்துவிடுவாள். வீட்டில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். பூட்டிய கதவைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார் அத்தான். அவர் அக்காவின் கணவர். தையல் கடையில் அளவெடுத்துத் துணி வெட்டுகிறவர். அவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அக்காவுக்கே தங்கையின் உண்மைப் பெயரைச் சொல்ல ஒரு நொடி யோசனை தேவைப்படுகிறது.

அந்த வாரத் தொடக்கத்தில் மேலாளர் கூடத்துக்குள் வந்து, ஆட்டம் முடியும் வரை இருட்டில் காத்திருந்து, பிறகு விஷயத்தைச் சொன்னார். கோளரங்கத்துக்குப் புது வான மென்பொருள் ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது. அதை இந்தக் கணினியில் போட்டுப் பார்த்தால், ‘இந்தக் கணினியில் இதை இயக்க முடியாது’ என்று ஒரே வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. கணினி உதவாது என்றால், குழு வேறொன்றை வாங்கிவிடும்: ஒரு பெட்டி, அதற்குள் பதிவுசெய்த வானம், பதிவுசெய்த குரல். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கீழே டிக்கெட் கொடுக்கிற பெண்ணே மேலே வந்து அமுக்கிவிட்டுப் போவாள். அக்காவுக்கு நுழைவாயில் கடையில், நட்சத்திரத் தொப்பி போட்ட பென்சில்கள் விற்கிற இடம்.

சொல்லும்போது அவர் குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியை முகம் பார்த்துச் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான்.

அவர் போனபின் அக்கா மைக்கைத் துணியால் துடைத்தாள். “பென்சில் விக்கிறது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல,” என்றாள். பிறகு, “ஆனா வெளிச்சத்துல நான் என்னடி பேசுவேன்,” என்றாள்.

தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. அக்கா பகலில் அதிகம் பேசுகிறவள் இல்லை. காய் வாங்கப் போனால்கூட விரலால் காட்டி வாங்கி வருவாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அவள் ஊமையோ என்று மாப்பிள்ளை வீட்டில் பயந்து, அத்தானைத் தனியாக ஆட்டம் பார்க்க அனுப்பிவைத்தார்களாம். அவர் மூன்று ஆட்டமும் பார்த்துவிட்டு, “பேசுது, நல்லாவே பேசுது, லைட்டை அணைக்கணும்,” என்று போய்ச் சொன்னதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். இருட்டு விழுந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும். அந்த நாற்காலி போனால் அவளுக்குள் இருக்கிற அத்தனை வார்த்தைகளும் எங்கே போய் உட்காரும்?

“நீதான் இதெல்லாம் படிக்கிறியே, என்னன்னு பாரு,” என்றாள் அக்கா.

வகுப்பில் அந்த மாதம் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கணினிக்கு மூளை மாதிரி பிராசஸர் ஒன்று. அதன்மேல் குடியிருந்து எல்லா வேலையையும் நடத்துகிற இயங்குதளம் ஒன்று. இரண்டிலும் முப்பத்திரண்டு பிட், அறுபத்து நான்கு பிட் என்று இரண்டு அகலம் உண்டு. அவளுக்கு அது பாதை மாதிரி மனதில் பதிந்திருந்தது. ஒன்று ஒற்றை வண்டி போகிற சந்து. இன்னொன்று பல வண்டிகள் சேர்ந்து போகிற சாலை. புது வானம் சாலையில் மட்டுமே வரும். சந்துக்குள் நுழையாது. ஆக, இந்தக் கணினி எது என்று தெரிந்தால் போதும்.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். மவுஸை நகர்த்தி, படம் போட்ட பக்கங்களைத் திறந்து பார்ப்பது அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் வேலை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கேட்டால்தான் கணினி பொய் சொல்லாது என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தாள். வகுப்பில் பலரும் அப்படித்தான். பதில் வந்தது: எக்ஸ் எண்பத்தாறு. முப்பத்திரண்டு பிட்டுக்கு அதுதான் குறி. அப்படியென்றால் சந்து. வழக்கம்போல நம்பாமல் திரையை மூடித் திறந்து மறுபடியும் கேட்டாள். அதே பதில். கணினியை அணைத்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரும்பவும் கேட்டாள். கணினிக்கு அலுப்பே இல்லை.

“பிராசஸரே பழசுக்கா. ஒண்ணும் பண்ண முடியாது.”

அக்கா தலையாட்டினாள். அன்று சாயங்கால ஆட்டம் முடிந்ததும் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர், “சரிம்மா, கூட்டத்துல சொல்லிடறேன்,” என்றாராம். வீட்டுக்கு வரும்போது அக்காவின் கையில் அவளுடைய சால்வையும், நாற்காலிக்குப் போடுகிற மெத்தையும் இருந்தன. மெத்தையில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம், யாரோ இன்னும் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

சாப்பிடும்போது அத்தான் விவரம் கேட்டார். அக்கா அவருக்கு ரசத்தை ஊற்றினாள். தங்கைதான் சொன்னாள். பிராசஸர், இயங்குதளம், எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று தட்டையும் கிண்ணத்தையும் வைத்து விளக்கினாள். அத்தான் மெதுவாக மென்றுகொண்டே கேட்டார். அவருக்குப் புரிந்தால்தான் விழுங்குவார்.

“இந்தக் கேள்விய நீ யாருகிட்ட கேட்ட?”

“கணினிகிட்டதான்.”

“கணினின்னா? கீழ இருக்கிறதுகிட்டயா, மேல குடியிருக்கிறதுகிட்டயா?”

தங்கை யோசித்தாள். கறுப்புத் திரையும் இயங்குதளத்துக்குள் இருப்பதுதானே என்றாள்.

“போச்சு போ,” என்றார் அத்தான். “எங்க கடையில புதுசா வந்த பையன் இப்படித்தான். ஆள் நேர்ல நிக்கிறாரு. இவன் அவரு போட்டிருந்த சட்டைய அளந்து வச்சுக்கிட்டு அதுதான் ஆளோட அளவுங்கிறான். அவரு தம்பி சட்டையக் கடன் வாங்கிப் போட்டுட்டு வந்திருக்காரு.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கை கழுவப் போனார்.

தங்கையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சட்டை. சின்னச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆள் நின்றால்? ‘நீ எவ்வளவு’ என்று சட்டையைக் கேட்டால் அது தன் அளவைத்தானே சொல்லும்?

அன்று அவள் தூக்கத்தில் சாலைகள் வந்தன. எல்லாம் குவிமாடத்துக்குள் இருந்தன. அகலமான சாலை ஒன்றின் நடுவில் யாரோ கயிறு கட்டிச் சந்து போலத் தடுத்திருந்தார்கள். நட்சத்திரங்கள் கையில் பெட்டியோடு வரிசையில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கயிற்றை அவிழ்க்கப் போனாள். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தபின், அவிழ்த்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பவும் கட்டிப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் முதல் ஆட்டம் முடிந்து கூடம் காலியானதும், சின்னப் பிள்ளைகள் வேலை என்று தள்ளி வைத்திருந்த அந்த வழியில் போனாள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கணினியைப் பற்றிய தகவல் என்கிற இடத்துக்கு இறங்கினாள். அங்கே ஒரே வரியில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒன்றையொன்று தெரியாதது போல: முப்பத்திரண்டு பிட் இயங்குதளம். எக்ஸ் அறுபத்து நான்கு வகைப் பிராசஸர்.

முதல் பாதியைப் படித்ததும் மனம் சோர்ந்து, இரண்டாம் பாதிக்குக் கண் போகவே தாமதமானது. போனபின் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கறுப்புத் திரை பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அவள்தான் சட்டையைக் கேட்டிருக்கிறாள். கணினியின் பெயர்ச்சீட்டில் இருந்த பிராசஸர் எண்ணை எடுத்து, அதைச் செய்த நிறுவனத்தின் பக்கத்திலும் தேடினாள். அங்கேயும் அறுபத்து நான்கு.

“அக்கா, பிராசஸர் அகலமானதுதான். யாரோ அதுக்கு ஒடுக்கமான சிஸ்டத்தப் போட்டு வச்சிருக்காங்க. அத மாத்தினா புது வானம் வரும்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நேத்து ஒண்ணு சொன்ன. இன்னைக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்கு என்ன சொல்லுவ?”

“நாளைக்கும் இதத்தான் சொல்லுவேன்,” என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தரம் அந்த வரியைப் படித்துக்கொண்டாள்.

மேலாளரிடம் போனார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிக்காட்டினால் சரி, இல்லையென்றால் முன்பு சொன்னதையே சொல்லிவிடுவேன் என்றார்.

வேலையை வியாழக்கிழமை வைத்துக்கொண்டார்கள். இயங்குதளம் பதிந்திருந்த பழைய வட்டில் தங்கை எதையும் மாற்றவில்லை. கணினியைத் திறந்து அதைக் கழற்றி, பத்திரமாகத் துணியில் சுற்றி அக்காவின் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். வகுப்பில் பயிற்சிக்கென்று கொடுத்திருந்த வேறொரு வட்டை மாட்டி, அதில் அகலமான இயங்குதளத்தை ஏற்றத் தொடங்கினாள். ஏதாவது கெட்டுப்போனால் பழையது பழையபடி இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் சந்தேகப்படுவது கெட்ட பழக்கம் இல்லை என்று அக்காவே ஒப்புக்கொண்டாள்.

அன்று கோளரங்கத்துக்கு விடுமுறை. கூடத்தில் இருவர் மட்டும். திரையில் நீலக் கோடு ஒன்று எறும்பு ஊர்வது போல ஊர்ந்தது. வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழே நேரம் எந்தப் பக்கமும் போகவில்லை. அக்கா முன்வரிசையில் படுத்துக்கொண்டாள். அவளுடைய மூச்சுச் சத்தம் மேலே போய், குவிமாடத்தில் பட்டு, எதிர்ப்பக்கத்தில் வேறொருத்தி தூங்குவது போல இறங்கி வந்தது. தங்கை கண்ணை மூடித் திறந்தபோது வேலை முடிந்து, கணினி அவளிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

புது வானம் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. அக்காவை எழுப்பாமலே கூடத்து விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை இருந்து ஓட்டினாள். அதுவரை அவர்கள் பார்த்த வானம் குவிமாடத்தில் ஒட்டியிருந்த வானம். இதற்கு ஆழம் இருந்தது. மென்பொருளோடு வந்திருந்த கைப்பிடியைத் தள்ளினால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்காமல் விலகி வழிவிட்டன. ஒன்றின் பக்கவாட்டில் போய் அதன் முதுகைப் பார்க்கலாம். ஒரு கோளின் வளையத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழையலாம். தங்கை உண்மையிலேயே குனிந்தாள்.

அக்கா எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. படுத்த வாக்கிலேயே, இருட்டில் பேசுகிற அந்தக் குரலில், “இங்கெல்லாம் நான் வந்ததே இல்லடி,” என்றாள். வெகுநேரம் இருவரும் அலைந்தார்கள். அக்கா வழி கேட்டாள், தங்கை ஓட்டினாள். எங்கே போனாலும் அக்காவுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது.

பிறகு அக்கா எழுந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். “சரி, முதல்லேர்ந்து போவோம். சாயங்காலத்தக் கொண்டு வா.”

சாயங்காலம் வரவில்லை.

குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி மறைவாக விளக்குகள் இருந்தன, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று. ஆட்டம் தொடங்கும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து அணையும். கூட்டத்தின் கண்ணை இருட்டுக்குப் பழக்குவது அதுதான். அந்த விளக்குகளைக் கணினிக்குள் செருகியிருந்த ஒரு மின்சுற்று அட்டை நடத்தியது. அட்டையோடு பேசுவதற்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். வகுப்பில் அதை டிரைவர் என்பார்கள். தங்கை வட்டுகளையும் இணையத்தையும் துழாவினாள். அந்த அட்டைக்கான டிரைவர் ஒடுக்கமான இயங்குதளத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அகலமானதற்கு யாரும் எழுதவே இல்லை. அட்டையைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டு எப்போதோ போய்விட்டார்கள்.

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்தக் கணினியை அமைத்தவர் தெரியாமல் செய்யவில்லை. பெரிய ஆளுக்குச் சின்னச் சட்டை என்று தெரிந்தேதான் மாட்டிவிட்டிருக்கிறார், அந்தி வேண்டும் என்பதற்காக. ஏன் இப்படிப் போட்டார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றாமல் போனதே என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆயிரம் சந்தேகம் படுகிறவளுக்கு அந்த ஒரு சந்தேகம் வரவில்லை.

“பழைய வட்டப் போட்டா சாயங்காலம் இருக்கு, புது வானம் இல்ல. இதப் போட்டா வானம் இருக்கு, சாயங்காலம் இல்ல,” என்றாள்.

“சுவிட்ச அணைச்சுட்டு ஆரம்பிச்சா?”

கூடத்து விளக்கை மறுபடி போட்டு, அப்படிச் செய்து பார்த்தார்கள். வெள்ளைக் கூடம் சட்டென்று கறுப்பானது. இருவருக்கும் கண்ணில் பச்சைப் பொட்டுகள் மிதந்தன. ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை.

“பட்டுனு இருட்டினா அது ராத்திரி இல்லடி,” என்றாள் அக்கா. “கரண்ட் போனது.”

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் வருவதற்கு முன்னால், விளக்கைப் பற்றி எதுவும் சொல்லாதே என்று அக்கா தங்கையிடம் சொல்லிவைத்தாள். வானத்தைக் காட்டினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தங்கை சரி என்றாள். மேலாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, கோளின் வளையத்துக்குள் போய் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணினி உதவும் என்று குழுவிடம் சொல்லலாமா என்று கேட்டார்.

சொல்லலாம் என்று தங்கை சொன்னாள். அதோடு நிறுத்த வேண்டியவள், நிறுத்த முடியாமல் விளிம்பு விளக்கு, அட்டை, டிரைவர் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தாள். அக்கா மைக்கைத் துடைக்கத் தொடங்கினாள்.

மேலாளர் கேட்டார்: “அந்தப் பெட்டிய வாங்கினா அது விளக்க நடத்துமா?”

“தெரியல சார். அதுக்கும் இந்த அட்டையோட பேசத் தெரியணும். விக்கிறவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்.”

“கணினி வர்றதுக்கு முன்னாடியே இந்த விளக்கெல்லாம் இங்க இருந்ததும்மா,” என்றார் அவர். “நான் சின்னப் பிள்ளையா வந்து பார்த்திருக்கேன். அப்ப யாரு அணைச்சாங்க?”

யாரோ இங்கேயே உட்கார்ந்துதான் அணைத்திருக்க வேண்டும். அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளி, தடுப்புக்குக் கீழே மண்டியிட்டாள். அவள் கால் வைத்துக்கொள்கிற பலகைக்குப் பின்னால் ஒரு தகரமூடி இருந்தது. அது தடுப்பின் பகுதி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள். தங்கை திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள். மூடிக்குள் தூசிக்கு நடுவில் ஒரு திருகு சுவிட்ச். ஒரு பக்கம் திருப்பினால் கணினி, மறுபக்கம் திருப்பினால் கை என்று அதன்மேல் எழுதியிருந்தது. பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம்.

அக்கா சுவிட்சைக் கைப்பக்கம் திருப்பினாள். விளிம்பு முழுக்க மஞ்சள் எழுந்தது. இரண்டு கையாலும் பிடித்துச் சக்கரத்தைத் திருகினாள். முதலில் அது அசையவில்லை. பிறகு உறுமிக்கொண்டு கொஞ்சம் அசைந்தது. மஞ்சள் ஒரு பக்கமாகச் சரிந்து ஆரஞ்சாகத் தொடங்கியது. கணினி கொண்டுவந்த அந்தி தினமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும். இது தயங்கித் தயங்கி வந்தது. ஓர் இடத்தில் வேகமாக இறங்கி, இன்னோர் இடத்தில் நினைத்துக்கொண்டது போல நின்றது.

“இதுக்கு ஒரு ஆள் உக்காந்தே ஆகணும் போலிருக்கே,” என்றார் மேலாளர்.

“ஆமா சார்.”

“டிக்கெட் குடுக்கிற பொண்ணால முடியாது. அது ஓடணும் கீழ.” குழுவிடம் சொல்ல வேண்டியதை அவர் அங்கேயே தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். கணினி நல்ல கணினி. புது வானம் ஓடுகிறது. பெட்டி வேண்டாம். விளக்குக்கு ஆள் வேண்டும், ஆள் ஏற்கெனவே இருக்கிறாள். சொல்லிவிட்டு எழுந்து போகப் போகிறார் என்று தங்கை நினைத்தாள். அவர் எழவில்லை. நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு கால்களை நீட்டினார்.

அக்கா தரையிலேயே கால்மடக்கி உட்கார்ந்திருந்தாள். மைக் எட்டாத உயரத்தில் இருந்தது. அவளுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. சிவப்பு ஊதாவுக்குள் நுழைகிற இடத்தில் அவளுடைய கை நின்றது. குவிமாடத்தில் பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல், கணினி ஒருநாளும் நின்று பார்க்காத ஒரு நிறம். அதில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும், தெரிந்தும் தெரியாமலும் நின்றது.

தங்கை திரையைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

“இருடி,” என்றது இருட்டில் பேசுகிற அக்காவின் அந்தக் குரல். “இன்னும் கொஞ்சம் இப்படியே இருக்கட்டும்.”